ஸ்டேஷனுக்குக் கூடப் போவது யார்: அம்மாவா, வக்கீலா, டாக்டரா?

மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அம்மா தானே போகிறேன் என்பார். மாமா தனக்குத் தெரிந்த கட்சிக்காரருக்குப் போன் போடுவார். வக்கீல் இல்லாமல் ஸ்டேஷன் வாசலில் காலெடுத்து வைக்காதே என்பார் ஒருவர், டாக்டர் சீட்டைக் காட்டினாலே விட்டுவிடுவார்கள் என்பார் இன்னொருவர். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் எவர் உதவுவார் என்று பிரித்துப் பார்க்காமல், அவசரத்தில் கிடைத்தவரை அனுப்பிவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும்: சட்டம் தெரிந்த ஒருவர், நோயாளியைத் தெரிந்த ஒருவர். அந்த இரண்டாமவர் பெரும்பாலும் அம்மாவாக இல்லாமல் இருப்பது நல்லது.

கூட ஒருவர் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்டேஷன் யாருக்குமே பயம் தரும் இடம்தான். மனச்சிதைவோ இருமுனையக் கோளாறோ கடுமையான மனச்சோர்வோ உள்ளவருக்கு அது பல மடங்கு. ராத்திரி மாத்திரை போடவில்லை, தூக்கமில்லை, காதில் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது, எதிரே இருப்பவர் "நீதானே எடுத்தே?" என்று அஞ்சாவது தடவையாகக் கேட்கிறார். அந்த நிலையில் வருகிற "ஆமாம் சார்" என்பதற்கு, கேள்வியை நிறுத்தினால் போதும் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம். ஐஸ்லாந்தில் துப்பறியும் போலீஸ்காரராக இருந்து பிறகு உளவியலாளரான கிஸ்லி குட்ஜான்சன் 1984இல் இதை அளக்கவே ஓர் அளவுகோலை வெளியிட்டார். பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விக்கு ஒருவர் எவ்வளவு சுலபமாக வளைந்துகொடுக்கிறார் என்று அது பார்க்கும். "தப்பு, நல்லா யோசிச்சு சொல்லு" என்று அழுத்தினால் பதிலை எவ்வளவு மாற்றுகிறார் என்பதையும் தனியாகப் பார்க்கும்.

இங்கிலாந்து இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1972இல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் மூன்று இளைஞர்கள் போலீசிடம் ஒத்துக்கொண்டார்கள். அதில் மூத்தவருக்கு 18 வயது, அறிவு வளர்ச்சி சின்னக் குழந்தையின் அளவு. தண்டனையும் கிடைத்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புகளை ரத்து செய்தது. அந்த வழக்கு கிளப்பிய விசாரணைகளின் தொடர்ச்சியாக 1984இல் வந்த போலீஸ் சட்டமும் அதன் விதிகளும், மனநலப் பாதிப்போ அறிவுசார் குறைபாடோ உள்ளவரை விசாரிக்கும்போது 'அப்ராப்ரியேட் அடல்ட்' என்ற ஒரு துணை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றன. போலீஸ்காரரோ போலீசில் வேலை பார்ப்பவரோ அந்த இடத்தில் உட்கார முடியாது. வக்கீலுக்குப் பதிலாகவும் அவர் வருவதில்லை, வக்கீல் தனி. கேள்வி புரிகிறதா, பதில் சரியாகப் போய்ச் சேர்கிறதா, நடத்துகிற விதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் குறுக்கிட்டுப் பேசுவது அவர் வேலை.

நம் நாட்டில் வயதுவந்தவர்களுக்கு அப்படி ஒரு பதவி சட்டத்தில் இல்லை. அந்தக் காலி இடத்தை நாம்தான் ஆள் பார்த்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கூப்பிடுவது சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு, வழக்கைப் பற்றித் தெரிந்தவர் என்று அழைக்கப்படுபவர் மனரீதியாகவோ உடல்ரீதியாகவோ மாற்றுத்திறனாளியாக இருந்தால் அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது. அவராக விருப்பப்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தால் அனுமதிக்கலாம், அவ்வளவுதான். இது தெரியாமல், சாட்சி சொல்லக் கூப்பிட்டவரைக் கையைப் பிடித்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருக்கிறார்கள். வீட்டிலேயே விசாரிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பிரிவு எண்ணையும் போடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவராக 35ஆம் பிரிவின்படி நோட்டீஸ் வந்திருந்தால் கதை வேறு. அதற்குப் போகாமல் இருந்தால் அதையே காரணமாக்கிக் கைது செய்ய முடியும். வெறும் போனில் "வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றால் எந்த வழக்கு, எஃப்.ஐ.ஆரா சி.எஸ்.ஆரா (புகார் வந்ததற்கான வெறும் ரசீதா), எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஆட்கள். முதலில் வீட்டு மனிதர்கள். அவருக்கு எந்த நேரத்தில் மாத்திரை, எப்போது பேச்சு தடம் மாறும், கை நடுங்குவது பயத்தாலா மருந்தாலா என்று அவர்களைப்போல் வேறு யாருக்கும் தெரியாது. கைது நடந்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 டி.கே. பாசு தீர்ப்பிலிருந்து கட்டாயம், அதனால் முதலில் வந்து சேர்வதும் அவர்கள்தான். ஆனால் வீட்டு மனிதர்கள் அவருக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாது சார், மத்தபடி நல்ல புள்ள" என்று இரக்கத்தை எதிர்பார்த்து ஓர் அம்மா சொல்லும் வாக்கியம், ஸ்டேஷன் ரைட்டரின் பேனாவில் தாயின் வாக்குமூலமாகிவிடும். அதே அம்மாவைப் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியாகப் பட்டியலில் சேர்க்கவும் முடியும். தனியாக விட்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் மகன் அம்மாவிடம் சொன்னதை, என்ன சொன்னான் என்று அவரிடம் கேட்கலாம். வக்கீலிடம் சொன்னதை வக்கீலிடம் அப்படிக் கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தைப் பலர் யோசிப்பதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல வழக்குகளில் அடிபட்டவரோ புகார் கொடுத்தவரோ வீட்டிலேயே இருப்பார். நோய் முற்றிய ஒரு ராத்திரியில் அப்பாவை அடித்துவிட்டார், பயந்துபோன தம்பி போலீசைக் கூப்பிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அப்பாவோ தம்பியோ எவ்வளவு பாசத்தோடு வந்தாலும் துணைக்கு உட்காரத் தகுந்தவர்கள் இல்லை. சித்தப்பா, அத்தை மகன், பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை பார்த்தவர் என்று சம்பவத்தில் சம்பந்தமில்லாத, குரல் உயர்த்தாத, அழாத ஒருவரைத் தேட வேண்டும். அந்த ஆள் யார் என்பதை நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் நாட்களில் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. யார் பக்கத்தில் இருந்தால் நிம்மதி என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து வக்கீல். பி.என்.எஸ்.எஸ். 38ஆம் பிரிவின்படி கைதானவர் விசாரணையின்போது தனக்கு விருப்பமான வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை நேரம் முழுக்கவும் அல்ல. ஆக, வக்கீல் வந்துவிட்டாலே முழு நேரமும் பக்கத்தில் இருப்பார் என்று நினைக்காதீர்கள். முதல் கேள்விக்கு முன்னால் கைதானவரிடம் பேசி, எதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று புரியவைப்பது, எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்து விழாமல் பார்ப்பது, கைதுக் குறிப்பில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, மருத்துவப் பரிசோதனையில் நோயையும் மருந்தையும் எழுதவைப்பது என்று அவருடைய வேலைகள் கண்ணுக்குத் தெரியாதவை. போலீசிடம் சாட்சி சொல்பவர் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்திடத் தேவையில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்துவிட்டால் அந்தப் பகுதி மட்டும் கோர்ட்டுக்குள் வந்துவிடும். இந்த நுணுக்கமெல்லாம் அழுதுகொண்டிருக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வக்கீலிலும் இரண்டு வழி: காசு கொடுத்து வைப்பது, சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகப் பெறுவது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அந்தச் சட்டம் தரும் உரிமைகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லும் கடமையைப் போலீஸ் அதிகாரி, மாஜிஸ்திரேட் ஆகியோர்மீதே வைக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மனநோய் உள்ளவர்களுக்கென்றே 2015இலும் பிறகு 2024இலும் தனித் திட்டம் வகுத்திருக்கிறது. தனியார் வக்கீலின் பலம், ராத்திரி பத்து மணிக்கும் ஸ்டேஷனுக்கு வருவார், ரிமாண்டிலிருந்து தீர்ப்பு வரை அவரே இருப்பார். பலவீனம் பணம், அதோடு மனநலச் சட்டத்தைத் திறந்தே பார்த்திராதவர்களும் அதிகம். இலவச வக்கீலின் பலவீனம், ஸ்டேஷன் கட்டத்தில் ஆள் வந்து சேர்வது தாமதமாகலாம், ரிமாண்டில் ஒருவரும் விசாரணையில் இன்னொருவரும் வரலாம். ஆனாலும் பல மாவட்டங்களில் 2022க்குப் பிறகு முழுநேரக் குற்றவியல் பாதுகாப்பு வக்கீல்களை ஆணைக்குழுவே நியமித்திருக்கிறது, முன்பைவிட நிலைமை தேவலை. நகையை அடகு வைத்துத் தனியார் வக்கீல் வைக்க வேண்டிய நிலை என்றால் என் ஓட்டு இலவச உதவிக்கே. அந்த நகை பிறகு இரண்டு மூன்று வருட மருந்துக்கும் பஸ் செலவுக்கும் தேவைப்படும். விண்ணப்பத்திலேயே நோயைக் குறிப்பிட்டு, அனுபவம் உள்ளவரைக் கேளுங்கள்.

கட்சிக்காரர், கவுன்சிலர், தெரிந்த ஏட்டு பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஸ்டேஷன் கதவைத் திறக்கச் சில சமயம் உதவுவார்கள். "பைத்தியம் சார், விட்ருங்க" என்ற ஒரு வாக்கியத்தில் மனிதரைச் சுருக்கிவிட்டு, எதிலும் ஒரு எழுத்துகூட இல்லாமல் சமாதானம் பேசி முடிப்பார்கள். அடுத்த முறை அதே ஸ்டேஷனில் அவர் பெயர் தெரிந்த பெயராகிவிடும்.

டாக்டர் நேரில் வருவது அபூர்வம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்கள் அதை எதிர்பார்க்கவே மாட்டார்கள். மனநல சமூகப் பணியாளர் ஒருவர் கிடைத்தால் பக்கத்தில் உட்கார அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. பதற்றப்பட மாட்டார், நோயும் தெரியும், வழக்கில் சம்பந்தமும் இல்லை. ஆனால் பெரிய ஊர்களைத் தாண்டினால் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். அதனால் டாக்டரிடமிருந்து நமக்கு வேண்டியது ஆள் இல்லை, ஒரு பக்கக் கடிதம். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, விட்டால் என்ன ஆகும், கேள்வியைச் சின்னச் சின்னதாக ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், இடையில் ஓய்வு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று எழுதிய கடிதம். குளோசபின் சாப்பிடுபவர் இரண்டு நாளுக்கு மேல் மருந்தை விட்டுவிட்டால் பழைய அளவில் நேரடியாகத் தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். லித்தியம் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தே விஷமாகலாம். லாக்கப்பில் இரண்டு நாள் என்பது இவர்களுக்கு உயிர் விஷயம், இது கடிதத்தில் இருந்தால்தான் மாஜிஸ்திரேட் முன்னால் வக்கீல் வாய் திறக்க முடியும். "இவர் மனநிலை சரியில்லாதவர்" என்று மட்டும் எழுதிய சான்றிதழால் பெரிய பயன் இல்லை. சம்பவம் நடந்த நேரத்தில் தான் செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கும், நோயின் பெயரை மட்டும் வைத்து யாரையும் விடுவதில்லை.

ஆக, ஸ்டேஷன் கட்டத்துக்கு என் தேர்வு: வக்கீல் ஒருவர், கூடவே சம்பவத்தில் சம்பந்தமில்லாத, அவருக்குப் பிடித்த ஒருவர், இருவர் கையிலும் டாக்டர் கடிதத்தின் நகல். அந்த இரண்டாமவரை உள்ளே விட வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இல்லை என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்குப் பிடிமானம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. கோர்ட் மட்டுமல்ல, புலனாய்வு அதிகாரம் உள்ள அமைப்புகளையும் மாற்றுத்திறனாளிகள் பாகுபாடின்றி அணுக வழி செய்வது அரசின் கடமை என்கிறது அது. மனநோயும் அந்தச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. மறுத்தால், மறுத்ததை மனுவில் எழுதுங்கள். ஸ்டேஷன்களில் விசாரணை அறை உட்பட எல்லா இடத்திலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டிருக்கிறது, அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் மூலம் உடனே கேட்பதும் நல்லது.

உள்ளே உட்காரும் அந்த ஆள் செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான். பதில் சொல்லக் கூடாது. "இந்தக் கேள்வி அவருக்குப் புரியல, வேற மாதிரி கேளுங்க சார்" என்று சொல்லலாம், மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று சொல்லலாம், அவர் சொன்னதும் எழுதியதும் வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லலாம்.

நோயைச் சொல்வதா மறைப்பதா என்ற கேள்வியில் குடும்பங்கள் தவிக்கின்றன. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஸ்டேஷன் பேப்பரில் இது ஏற வேண்டுமா என்று கேட்கும் வீடுகளை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லுங்கள் என்பதே என் பதில். மறைத்தால் மருந்து நிற்கும், விசித்திரமான பதில்கள் திமிராகத் தெரியும், அடி விழும். பிறகு கோர்ட்டில் சொல்லும்போது, தப்பிக்க இப்போது கண்டுபிடித்த நோய் என்று அரசு வக்கீல் சொல்வார். முழு கேஸ் ஷீட்டைக் கொடுக்க வேண்டாம், கடிதம் போதும். டாக்டரிடம் அவர் மனம் திறந்து சொன்னதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போன பிறகு வேறொரு தேர்வு வருகிறது, இது இன்னும் கனமானது. வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இவர் இல்லை என்று பி.என்.எஸ்.எஸ். 367, 368ஆம் பிரிவுகளில் மனு போடுவதா, ஜாமீன் வாங்கிச் சிகிச்சையைத் தொடர்ந்து கொடுத்து வழக்கமாக விசாரணையைச் சந்திப்பதா? மனு போட்டால் மனநல மருத்துவர் பரிசோதிப்பார், தற்காத்துக்கொள்ள இயலாதவர் என்று தெரிந்தால் விசாரணை தள்ளிப்போகும். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தள்ளிப்போன வழக்கு முடிந்த வழக்கு ஆகாது. அசாமில் 1951இல் கைதான மச்சாங் லாலுங் என்பவரைத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்னபோது வீட்டுக்கு அனுப்பாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள், 2005இல்தான் வெளியே வந்தார். 54 வருடம், ஒரு நாள்கூட விசாரணை நடக்கவில்லை. அந்த மனிதருக்கு வாய்தா தேதியைக் கேட்க வெளியே ஆள் இல்லை.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்வேன். கேள்வியே புரியாத நிலையில், வக்கீலிடம் நடந்ததைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் மனு போட்டே ஆக வேண்டும், அந்த நிலையில் ஒருவரை விசாரிப்பது அநியாயம். சின்ன வழக்கு, மருந்தில் சில வாரங்களில் தேறிவிடக்கூடியவர் என்றால் ஜாமீனும் சிகிச்சையும் முதலில், அவகாசம் கேட்டு விசாரணையை முடித்துக்கொள்வது நல்லது. சம்பவ நேர மனநிலையைக் காரணம் காட்டி விடுதலை கேட்கும் வாதத்தையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அதில் வென்றாலும் 374ஆம் பிரிவின்படி பாதுகாப்பில் வைக்க உத்தரவு வரலாம், உடனே வீடு என்பது நிச்சயமில்லை. கடும் குற்றமும் கடும் நோயும் சேர்ந்த வழக்குகளில் அது சரியான வாதம், சின்னத் திருட்டு வழக்கில் பெரும்பாலும் தேவையில்லாத சுமை.

அவர் குற்றம் சாட்டப்பட்டவராக இல்லாமல் பாதிக்கப்பட்டவராக இருந்தால் சட்டம் கொஞ்சம் கருணையாக இருக்கிறது. பாலியல் குற்றங்கள் போன்ற குறிப்பிட்ட வழக்குகளில் மனரீதியான மாற்றுத்திறனாளியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதியும்போது சிறப்புக் கல்வியாளரோ மொழிபெயர்ப்பாளரோ உதவ வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். அதையே கோர்ட்டில் நடக்கும் முதல் விசாரணைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் குறுக்கு விசாரணைக்கு மட்டும் வந்தால் போதும். இங்கே துணை ஆளாகச் சிறப்புக் கல்வியாளரே முதல் தேர்வு, அதுவும் அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்குக் கட்டாயம் கேளுங்கள். மனநோய் உள்ள சாட்சிகளையும் எளிதில் பாதிக்கப்படும் சாட்சிகளாகவே நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொல்லியிருக்கிறது, தனி அறையில் சாட்சி சொல்ல மனு போடலாம்.

கடைசியாக, அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்றேனே, அவர் தேவைப்படும் இடம் பி.என்.எஸ்.எஸ். 369ஆம் பிரிவு. தற்காத்துக்கொள்ள இயலாதவர் என்று கோர்ட் முடிவு செய்தாலும், உள்நோயாளியாக வைத்தே தீர வேண்டிய நோயாக இல்லாவிட்டால் ஜாமீன் தர முடியாத குற்றத்திலும் அவரை வெளியே விடலாம். அதற்கு உறவினரோ நண்பரோ ஒருவர், பக்கத்து மருத்துவமனையில் தொடர்ந்து சிகிச்சை பெறவைப்பேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன், மாதாமாதம் அழைத்துப்போக உடம்பும் கைக்காசும் யாருக்கு இருக்கிறது, அம்மாவுக்கு முடியாமல் போனால் அடுத்து யார் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி, அந்த இரண்டாவது பெயரையும் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். ஓ.பி. சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வாய்தாவுக்கு வாய்தா எடுத்துப் போங்கள், கோர்ட் எப்போது வேண்டுமானாலும் கேட்கும்.